பலா மரமே முகவரி

இரவுச் சாப்பாட்டு நேரம். காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். காலியாகக் கிடந்த நாற்காலியில் புகைபோல ஓர் உருவம் மெல்ல மெல்லத் தெளிகிறது. வீட்டுக்காரரின் மனைவி. அவள் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரு கணம் திடுக்கிட்டாலும் யாரும் அலறி ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் சகஜமாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அவளுடைய ஈமச்சடங்குப் படங்களை அவளிடமே எடுத்துக் காட்டுகிறார்கள்.

எங்கள் ஜோகூர் பாரு வீட்டின் வரவேற்பறையில் இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு தட்டு வைக்கலையே!"

படத்தின் பெயர் 'அங்கிள் பூன்மீ ஹூ கேன் ரீகால் ஹிஸ் பாஸ்ட் லைவ்ஸ்'. தன் முற்பிறவிகளை நினைவுகூரும் பூன்மீ மாமா என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தாய்லாந்து இயக்குநர் அபிச்சாட்போங் வீரசேதகுன் எடுத்தது. 2010-ல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனை இதற்குத்தான் கிடைத்தது. தாய்லாந்துப் படம் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

எனக்கும் இந்தப் படத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2011-ல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, விருது வாங்கிய படமாயிற்றே என்று தோழியின் கணினியில் போட்டுப் பார்த்தேன். முதல் காட்சியில் ஓர் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில், காட்டுக்குள் நடந்து போகும். அதன் பின்னாலேயே நானும் தூக்கத்துக்குள் போய்விட்டேன். "ஆமை வேகப் படம்" என்று அன்று சொன்னதை அடுத்த 13 வருடங்கள் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அப்பா இறந்த பிறகுதான் அந்த வேகம் எனக்குப் புரிந்தது.

தண்ணீர்ப் பையும் நான்கு வேளையும்

பூன்மீக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. சாவு நெருங்குவது அவருக்குத் தெரியும். கடைசி நாட்களைக் கழிக்கத் தன் தோட்டத்துக்கே வந்துவிடுகிறார். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, கழிவோடு அதை வெளியே எடுக்கும் டயாலிசிஸ் அவருக்கு நடக்கிறது. லாவோஸிலிருந்து பிழைக்க வந்த ஜாய் என்ற தொழிலாளிதான் அதைப் பொறுமையாகச் செய்துவிடுகிறான். இயக்குநரின் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். அவருடைய தந்தை சிறுநீரகக் கோளாறால் இறந்தவர். அந்த அனுபவம்தான் படத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அதே சிகிச்சைதான். மூன்று வருடம், தினமும் நான்கு வேளை. கையைக் கழுவி, முகக்கவசம் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, பையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். பெரும்பாலும் அம்மாதான் செய்வார். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். காலை ஐந்து மணிக்கெல்லாம் பாலத்தைக் கடக்கிற ஆயிரமாயிரம் ஜோகூர்க்காரர்களில் நானும் ஒருத்தி. சனி, ஞாயிறுகளில் மட்டும் என் முறை.

அதனால் திரையில் அந்தப் பை தொங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது அப்பாவுக்கு நாம செஞ்சதுதானே?"

ஆங்கிலத் துணைவரிகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல, 114 நிமிடப் படத்தை மூன்று மணி நேரம் பார்த்தோம். கலைப்படம் என்ற வார்த்தையைக்கூடக் கேட்டிராத அம்மா ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. படுக்கையில் கிடப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, பையில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் படம் மெதுவாக ஓடவில்லை. சரியான வேகத்தில்தான் ஓடியது.

எனக்குத்தான் ஓர் இடத்தில் பார்க்க முடியாமல் போயிற்று. அப்பா கடைசி வருடத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பாப்பா, ஒரு தடவ தோட்டத்துக்குப் போயிட்டு வருவோமா?" கிருமி தொற்றினால் வயிற்றுக்குள் புண்ணாகிவிடும் என்று பயம் எனக்கு. அந்தப் புழுதியில் பை மாற்றச் சுத்தமான அறைக்கு எங்கே போவது? "அடுத்த மாசம் போவோம்ப்பா" என்றேன். மூன்று தடவை அப்படிச் சொன்னேன். நான்காவது தடவை அவர் கேட்கவில்லை.

பூன்மீயோ தோட்டத்து வீட்டில் படுத்தபடியே பை மாற்றிக்கொள்கிறார். தேனீப் பெட்டிகளைப் பார்க்கப் போகிறார். கடைசியில் தளர்ந்த காலோடு காட்டைக் கடந்து, தான் முதன்முதலில் பிறந்ததாக நம்புகிற ஒரு குகைக்குள் போய் உயிரை விடுகிறார். அவருடைய குகைக்கு அவரைக் கூட்டிப்போக ஆள் இருந்தது.

படம் முடிந்ததும் அம்மா சொன்னார்: "அப்பா வருஷப் படையல தோட்டத்துல வைப்போம்."

நான் படத்தையே சாட்சிக்கு இழுத்தேன். அதில் ஓர் இடம் வரும். செத்த பிறகு உன்னை எங்கே வந்து தேடுவது என்று பூன்மீ மனைவியைக் கேட்பார். ஆவிகள் இடத்தோடு ஒட்டிக்கொள்வதில்லை, உயிரோடு இருக்கிற மனிதர்களோடுதான் ஒட்டிக்கொள்கின்றன என்கிற பொருளில் அவள் பதில் சொல்வாள்.

"கேட்டீங்கதானே? அப்புறம் எதுக்கு அவ்ளோ தூரம்? வீட்டுலேயே வைப்போம். தோட்டத்துலதான் இப்ப ஒண்ணுமே இல்லையேம்மா."

"அது அவங்க ஊர்க் கணக்கு" என்றார் அம்மா.

கண்ணாடிக் கோயிலும் ரயிலடிக் கோப்பியும்

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். முதலில் தெப்ராவ் பக்கத்தில் இருக்கும் ராஜகாளியம்மன் கோயில். 1922-ல் சிறு கோயிலாகத் தொடங்கியது. இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் 'கண்ணாடிக் கோயில்'. சுவர், தூண், கூரை எங்கும் லட்சக்கணக்கில் வண்ணக் கண்ணாடித் துண்டுகள். பாங்காக்கில் தூரத்திலிருந்து மினுங்கிய ஒரு கோயிலைப் பார்த்துத்தான் இங்குள்ள குருக்களுக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் முகம் நூறு துண்டாக நம்மையே பார்க்கும். அம்மா அர்ச்சனை முடித்து வந்து, "இத்தன பேரு நம்மள மாதிரியே நிக்கிறாங்க பாரு" என்று சிரித்தார்.

அங்கிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குளுவாங் நோக்கி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கூலாய், செடெனாக், சிம்பாங் ரெங்கம் என்று பெயர்ப்பலகைகள் வரும். இரண்டு பக்கமும் செம்பனை. வழி நெடுக அதே பச்சை, அதே வரிசை. ஊர் தெரியாதவருக்கு இது வெறும் காடு. அம்மாவுக்கு ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு தோட்டம், ஒரு கோயில், ஒரு கல்யாணம் இருந்தது.

'கெலுவாங்' என்றால் மலாயில் பழந்தின்னி வௌவால். குளுவாங்கின் பெயர் அதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் பொழுது சாய்ந்தால் வானம் கறுக்கும் அளவுக்கு அவை பறக்குமாம். ஊருக்கு அடையாளமாக 510 மீட்டர் உயர லம்பாக் மலை நிற்கிறது. குடும்பமாக வருகிறவர்கள் காலையிலேயே ஏறி இறங்கிவிடலாம். இறங்கினால் நேராகப் போக வேண்டிய இடம், 1938-லிருந்து நடக்கும் பழைய ரயிலடிக் கோப்பிக்கடை. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, தேங்காய்ப்பால் காயா, வெண்ணெய், தடித்த பீங்கான் கோப்பையில் கறுப்புக் கோப்பி. அப்பா பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் பாட்டியைப் பார்க்க வரும்போதெல்லாம் இங்கே இறங்கி ஒரு கோப்பி குடித்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். அம்மா இரண்டு கோப்பி வாங்கினார். ஒன்றைக் குடித்தார். இன்னொன்றைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டார்.

இந்தத் தண்டவாளத்தோடு எங்கள் குடும்பத்துக்கு இன்னொரு உறவும் உண்டு. தாத்தா நாமக்கல் பக்கத்து ஊர்க்காரர். 1937-ல், 15 வயதில், தன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு 'ரஜுலா' கப்பலில் வந்தவர். அடுத்த வருடமே இந்திய அரசு கூலிகளைக் கங்காணி மூலம் அனுப்புவதற்குத் தடை போட்டுவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் இன்று மோகனூர்ப் பக்கம் எங்கோ பிறந்திருப்பேன். 1943-ல் ஜப்பான்காரர்கள் சயாம்–பர்மா ரயில் போட ஆள் பிடித்தபோது, அண்ணனைத் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றி, இந்தப் பாதையில் சரக்கு ரயிலில் வடக்கே கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கேயே காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக, பெயர் பொறித்து இருக்கின்றன. அந்த அண்ணனுக்குக் கல்லும் இல்லை, தேதியும் இல்லை. தேதி தெரியாததால் தாத்தா ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அவருக்கு ஓர் இலை போடுவார்.

இடத்தோடு ஒட்டவில்லை என்றால் அவர் எங்கே போயிருப்பார்? தாத்தாவோடுதான் இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். ரயிலடியை விட்டுக் கிளம்பும்போது எனக்கு அப்படித் தோன்றியது. பூன்மீயின் மனைவி சொன்னதில் முதன்முறையாக ஒரு நியாயம் தெரிந்தது.

ஐந்தாம் பிறவி

ரெங்கத்தைத் தாண்டிச் செம்மண் பாதையில் இறங்கியதும் நான் வண்டியை நிறுத்திவிட்டேன். எதிரே எதுவுமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை நிலம். செம்பனைகளை இயந்திரம் வைத்துச் சாய்த்து, துண்டு துண்டாக நறுக்கி, வரிசை வரிசையாக மக்கப் போட்டிருந்தார்கள். புளித்த கள் போல ஒரு வாடை. நடுநடுவே முழங்கால் உயரத்தில் புதுக் கன்றுகள்.

செம்பனைக்கு ஆயுள் 25 வருடம் என்பது கணக்கு. அதற்கு மேல் மரம் உயர்ந்துவிடும், குலை வெட்ட எட்டாது, விளைச்சலும் குறையும். வெட்டிவிட்டு மறுபடி நடுவார்கள். கித்தா மரத்துக்கும் ஏறக்குறைய அதே ஆயுள்தான். தாத்தா வந்தபோது இங்கே வெள்ளைக்காரன் நட்ட பழைய கித்தா. ஐம்பதுகளில் அதை அழித்து மறுபடியும் கித்தா. எழுபதுகளில் செம்பனை. 2000 வாக்கில் மறுபடியும் செம்பனை. இப்போது இந்தக் கன்றுகள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் இந்த மண்ணுக்கு இது ஐந்தாம் பிறவி.

ஒவ்வொரு பிறவியிலும் ஆட்களும் மாறினார்கள். கித்தாவுக்கு விடியும் முன் பால் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் உறைந்துபோகும். ஆகவே லயத்து வீடுகள், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப் பள்ளி, கோயில் என்று ஓர் ஊரே தோட்டத்துக்குள் தேவைப்பட்டது. செம்பனைக்கு அத்தனை பேர் வேண்டியதில்லை. பிள்ளைகள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போனார்கள். பாட்டி 1998 வரை இருந்தார். பிறகு லயங்களையும் இடித்துவிட்டார்கள்.

"எங்கம்மா இருந்தது வீடு?" என்றேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. பிறந்து வளர்ந்து அடுத்த லயத்திலேயே வாழ்க்கைப்பட்டவர், எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் பிளாஸ்கைப் பிடித்தபடி நின்றார்.

அப்போதுதான் ஒரு மோட்டார் வந்து நின்றது. வயதானவர். கூடையில் எண்ணெய்ப் போத்தலும் செம்பருத்திப் பூவும். முனீஸ்வரன் கோயிலுக்கு விளக்கு வைக்க, பக்கத்துத் தாமானிலிருந்து தினமும் வருகிறவர். அம்மாவை உற்றுப் பார்த்தார்.

"நீ ரெண்டாம் லயத்துப் புள்ளையில்ல? ஆயாக் கொட்டகையில உங்கம்மா வேலை செஞ்சாங்களே?"

"ஆமா மாமா!" அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அவர் எங்களை மேட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே மட்டும் செம்பனை நடவில்லை. ஒரே நேர்கோட்டில் தள்ளித் தள்ளிப் பழ மரங்கள் நின்றன. மா, ரம்புத்தான், கொய்யா, பலா. நடுவில் ஆளுயரப் புல்.

"வீட்டத்தான் இடிச்சாங்க. மரத்த விட்டுட்டாங்க" என்றார். "வீட்டுக்குப் பின்னால ஆளுக்கொரு மரம் வெச்சீங்கல்ல? அதான் இப்ப அட்ரஸ். இந்த மாமரம் மண்டோர் வீடு. இந்தக் கொய்யா, பெட்டிக்கடைக்காரர் வீடு. அந்தா இருக்கு பாரு, ரம்புத்தான், அது உங்க வீடு. அடுத்த வரிசையில அந்தப் பலா, அது உங்க மாமியா வீடு."

அம்மா புல்லை விலக்கிக்கொண்டு நடந்தார். பலா மரத்துக்கு முன்னால் பத்தடி தள்ளி நின்றார். வலது பக்கம் ஓரடி நகர்ந்தார். "இங்கதான் அடுப்பு" என்றார்.

யாருக்கு எந்த இலை

மரத்தடியில் இடம் சுத்தம் செய்து இலை போட்டோம். சோறு, கருவாட்டுக் குழம்பு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, உளுந்து வடை, பிளாஸ்கிலிருந்த குளுவாங் கோப்பி. எனக்குத் தெரியாமல் அம்மா கொண்டுவந்திருந்த ஒரு ஸ்டவுட் போத்தலும் வெளியே வந்தது. கடைசி மூன்று வருடம் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். உப்பு கூடாது, கருவாடு கூடாது. இன்று எதற்கும் அளவில்லை. அப்பாவுக்கு ஓர் இலை. தாத்தா பாட்டிக்கு ஒன்று. சயாமுக்குப் போனவருக்கு ஒன்று. சூடம் ஏற்றிக் கும்பிட்டோம். "அப்பா, அடுத்த மாசம்னு சொன்னேன்ல, வந்துட்டேன்" என்று மனசுக்குள் சொன்னேன். அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. காற்றுகூட இல்லாமல் மரம் அப்படியே நின்றது.

புகையைப் பார்த்துக் கன்றுகளுக்கு உரம் போட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞன் வந்தான். லொம்போக் தீவிலிருந்து வந்தவன். மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லையாம். "உந்தோக் சியாப்பா?" யாருக்காக என்று கேட்டான். என் அப்பாவுக்காக, அவர் வீடு இங்கேதான் இருந்தது என்று மலாயில் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இது படைக்காத சோறு, தனியா வெச்சிருக்கேன். சாப்பிடச் சொல்லு." சாமிக்கும் செத்தவருக்கும் படைத்ததை முஸ்லிம் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. யாராவது வருவார்கள் என்று வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குப் பூன்மீக்குப் பை மாற்றிவிடும் ஜாயின் நினைவு வந்தது. தாத்தா 15 வயதில் வந்து நின்ற இடத்தில் இன்று இவன் நிற்கிறான்.

சாப்பிட்டுக்கொண்டே அவன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். மக்ரிப் வேளையில் இந்தப் பலா மரத்துப் பக்கம் யாரோ இருமுவதுபோல் கேட்குமாம். அவர்கள் யாரும் அந்நேரம் இங்கே வருவதில்லையாம்.

நான் மொழிபெயர்த்ததும் பெரியவர் சிரித்துவிட்டார். "அது உங்கப்பா இல்ல பாப்பா, உன் தாத்தா. இருமல அடிச்சிக்க ஆளே கிடையாது."

அம்மா இலைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் அந்தச் சுருட்ட விடலையா இந்த மனுசன்! அடுத்த தடவ ஒரு சுருட்டு வாங்கிட்டு வரணும்."

யாரும் பயப்படவில்லை. பேச்சு அப்படியே வடைக்கு உப்புக் கூடிப்போனதைப் பற்றித் திரும்பியது. நான் மட்டும் கொஞ்ச நேரம் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தின் சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன்.

பழி தீர்க்காத மறுபிறவி

தமிழில் நமக்கு மறுபிறவிக் கதைகள் புதிதல்ல. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963-லேயே வந்தது. 'அனேகன்' வந்தது 2015-ல். அவற்றில் மறுபிறவிக்கு ஒரு வேலை இருக்கும். சேராத காதல் சேர வேண்டும், இல்லையென்றால் பழைய பகை தீர வேண்டும். பூன்மீ மாமாவின் கதையில் தீர்க்க வேண்டிய பாக்கி இல்லை. எருமையும் மீனும் மனிதனும் பேயும் ஒரே காட்டில் ஒரே மாதிரி வந்து போகின்றன. எது எந்தப் பிறவி என்றுகூடப் படம் அடித்துச் சொல்வதில்லை. தனக்கு வந்த நோய், தான் முன்பு கம்யூனிஸ்டுகளைக் கொன்ற வினையோ என்று பூன்மீ ஓர் இடத்தில் கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான். 1948 முதல் 1960 வரை அவசரகாலத்தில் முள்வேலிக்குள் இருந்த, காட்டுக்கு ஒரு கைப்பிடி சோறு எடுத்துப்போகவும் தடையிருந்த ஜோகூர்த் தோட்டத்து மக்களுக்கு அந்தக் கேள்வி அந்நியமாக இருக்காது.

இதற்கு நம் பக்கத்தில் நெருங்கிய சொந்தம் என்றால் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தைச் சொல்லலாம். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் வழியில், மம்முட்டி ஒரு தமிழ்க் கிராமத்தில் பேருந்தை நிறுத்தி இறங்கி, காணாமல் போன சுந்தரமாகவே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். மதியத் தூக்கத்தின் வேகத்தில் போகும் படம். பூன்மீயைப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு வந்தால் கண் பழகிவிடும். இரண்டையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கைப்பேசியைத் தூர வைத்துவிட்டு, முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு பார்க்க வேண்டும். தனியாகப் பார்த்தால் 2011-ல் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். "இப்பச் சொல்லுங்க. அந்த ஆவி சொன்னது சரியா, தப்பா? இடத்தோட ஒட்டியிருக்காங்களா, ஆளோடவா?"

அம்மா ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. கூலாய் தாண்டிய பிறகு சொன்னார்.

"ஆளோடதான். எனக்குத் தெரியாதா? ஒரு வருஷமா நம்ம வீட்டுலதான் இருந்தாரு. ஆனா அங்க இருக்கிறப்ப எனக்கு அவரு நோயாளியாதான் ஞாபகம் வந்தாரு. பையும் டியூப்பும். இன்னிக்கு அந்தப் பலா மரத்தப் பாத்ததும், அது மேல ஏறி உக்காந்துக்கிட்டு எங்க வீட்டு ரம்புத்தான் மரத்தடியப் பாத்துக்கிட்டிருந்த பையன் ஞாபகம் வந்தான். அவன நான் மறந்தே போயிருந்தேன்."

அப்பா கேட்டதும் அதைத்தானோ என்னவோ. தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, ஓர் இடத்தைப் பார்க்கக் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். நோயாளி ஆவதற்கு முன்னால் இருந்த தன்னைப் பார்க்கக் கேட்டிருக்கிறார். மூன்று தடவை நான் தள்ளிப் போட்டது அதைத்தான். இந்தக் கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கே போய் அதைச் சொல்லி அழுவது என்று இப்போது தெரியும். ரெங்கம் தாண்டி, செம்மண் பாதை, மேட்டில் இரண்டாவது வரிசை, பலா மரம்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோது மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. அம்மா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மரத்தடியில் பழுத்து விழுந்து கிடந்த பலாவிலிருந்து அம்மா ஏழு கொட்டைகளைப் பொறுக்கிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் எட்டாவது மாடி வீட்டின் பால்கனியில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் அவற்றை ஊன்றியிருக்கிறார். பலா மரம் வளர்க்கிற இடமா அது என்று கேட்டால் சிரிக்கிறார். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் முளைக்கவில்லை. தினமும் காலையில், நான் பாலத்தைக் கடக்கக் கிளம்பும் நேரத்தில், இருட்டோடு எழுந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறார். அவசரம் ஒன்றுமில்லை என்கிறார்.